தென்னேரிக்குக் குளிர் வராது

எண்ணெயை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு சமையல் எண்ணெய் கம்பெனியின் லேபில் வேலை. அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று ஆலிவ் ஆசை வந்துவிட்டது. இறக்குமதி பண்ணி, பாட்டிலில் அடைத்து விற்கப்போகிறார்களாம். வந்து இறங்குவது நல்ல எண்ணெயா கலப்படமா என்று வாயில் வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "நீ போய் கத்துக்கினு வந்துடும்மா" என்று மேனேஜர் என்னை ஸ்பெயினின் தென்பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். இது கம்பெனி கொடுத்த வேலை.

வீட்டில் கொடுத்த வேலை வேறு. கஷ்டமானது அதுதான்.

என் அக்கா எஸ்தரும் மாமா தேவராஜும் தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். எங்கப்பா வாங்கிய நிலம் அங்கேதான். எங்கள் குடும்பத்தில் சொந்த நிலம் என்று ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவர் அப்பா. அதுவரை எல்லாரும் அடுத்தவன் கழனியில் நாத்து நட்டவர்கள். அந்த நிலத்து நெல்லைத் தவிர வேறு அரிசியை அப்பா சாகும்வரை தொடவில்லை. இப்போது அங்கே நெல் இல்லை. ஆலிவ் மரம் நிற்கிறது. எங்கள் பைபிள் பாஷையில் சொன்னால் ஒலிவ மரம்.

சிரிக்காதீர்கள். காரணம் சிரிக்கிற மாதிரி இல்லை. அக்கா மகள் ஜெபாவுக்கு நாலு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் சர்ச்சில் வியாதிக்காரர்களுக்கு ஜெபம் பண்ணும்போது ஒலிவ எண்ணெயைத் தொட்டு நெற்றியில் பூசுவார்கள். பாஸ்டர் வந்து ஜெபாவுக்கும் பூசிவிட்டுப் போனார். அவர் போனதும் மாமா ஐசியூ வாசலில் மண்டி போட்டு ஒரு பொருத்தனை பண்ணினார். மற்றவர்கள் நேர்த்திக்கடன் என்பதைத்தான் நாங்கள் பொருத்தனை என்போம். "ஆண்டவரே, என் பொண்ணைக் குடுத்துடு. எங்க மாமனார் நிலத்துல என் கையால ஒலிவ மரம் வெக்கறேன். அது காய்ச்சு வர்ற எண்ணெயை உன் ஆலயத்துல வியாதிக்காரங்களுக்குப் பூசக் குடுக்கறேன்."

ஜெபா பிழைத்துவிட்டாள்.

மாமா டூவீலர் மெக்கானிக். கார்புரேட்டர் தெரியும், விவசாயம் தெரியாது. ராஜஸ்தான் பக்கம் ஒலிவம் வைக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கிருந்து கன்று வரவழைத்து நட்டார். மரம் என்னவோ ஜோராக வளர்ந்தது. இலை தளதளவென்று ஆளை மறைக்கிறது. பூதான் இல்லை. ஜெபா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், மரத்தில் பேருக்கு ஒரு பூ இல்லை.

"வேர்க்கடலை எண்ணெய்னு வேண்டிக்கினு இருந்தா அந்த வருசமே முடிஞ்சு போயிருக்கும். இந்த மனுசனுக்கு ஒலிவம் கேக்குது!" என்பாள் அக்கா.

கடையில் நல்ல எண்ணெய் வாங்கிக் கொடுத்தால் போதும், ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று பாஸ்டரே சொல்லிப் பார்த்தார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "என் கையால வெச்ச மரத்துதுன்னு சொல்லிட்டேன் பாஸ்டர். இப்ப பேச்சு மாறினா பொண்ணைத் திருப்பிக் கேப்பாரு" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் பயம் அதுதான். எண்ணெய் கொடுக்காவிட்டால் ஜெபா போய்விடுவாள் என்று மனுஷன் இத்தனை வருஷமாக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். ஜெபாவுக்கு மட்டும் இது தெரியாது. சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று அக்கா எங்கள் எல்லாரையும் மிரட்டி வைத்திருக்கிறாள்.

நான் கிளம்புகிற வாரம் பெரிய சண்டை. கடைசியில் மாமா இறங்கிவந்தார். "அந்த ஊர்ல இதையே படிச்சவங்க இருப்பாங்க இல்ல? அவங்க வாயால காய்க்காதுன்னு சொல்லட்டும். பிடுங்கிடலாம்." அக்கா அந்த நிமிஷமே ஜேசிபிகாரரிடம் சொல்லிவைத்துவிட்டாள். ஏரி நிரம்பிக் கிடந்தது. மரத்தை எடுத்துவிட்டால் நவரைப் பட்டத்துக்கு நெல் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. நான் மரங்களை மேலும் கீழுமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய முதல் நாள் எனக்கு ஞாபகம் இருப்பது குளிர் ஒன்றுதான். அட கடவுளே, அது குளிரா! நான் குடியிருப்பது சின்ன காஞ்சிபுரம். மார்கழி விடியலில் எங்கள் தெரு ஆட்கள் மஃப்ளரை மண்டையில் சுற்றிக்கொண்டு "இன்னா குளிருப்பா" என்று டீக்கடை வாசலில் நடுங்குவார்கள். அத்தனை பேரையும் கூட்டிவந்து இங்கே நிறுத்த வேண்டும். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மாமாவின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

தங்கியது என்கார்னா என்கிற விதவையம்மாவின் வீட்டு மாடியில். அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. என் போன்தான் எங்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர். காலையில் ரொட்டியைச் சுட்டு, தக்காளியைத் துருவிப் பரப்பி, அதன் மேல் எண்ணெயை ஊற்றினார். ஊற்றினார் என்றால், நாம் இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிற கை இருக்கிறதே, அதைவிடத் தாராளமான கை. "இன்னும் கொஞ்சம்?" என்று போன் கேட்டது. போதும் என்று கையால் தட்டை மறைத்தேன். அதற்கும் மேலே ஊற்றினார். எங்கள் அம்மா இருந்திருந்தால் இவரோடு நன்றாக ஒத்துப்போயிருப்பாள்.

மறுநாள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிற பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, முன்பக்கத்தைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கெட்ட வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாமா இருந்திருந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கியிருப்பார். எல்லாரும் ரோட்டோரம் நின்றோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மலையாக ஒலிவம். நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு புளியமரம், கண்ணுக்கு ஆறுதலாக ஒரு கருவேலம்? ஒன்றும் கிடையாது. அறுப்புக் காலம் அது. மரத்தடியில் வலையை விரித்துவைத்து, நீளக் கழியால் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டத் தட்ட இலைதான் விழுந்தது. காய் கொஞ்சம்தான்.

என் பக்கத்தில் நின்ற கிழவர் என் போனுக்குள் பேசினார். போன் தமிழில் சொன்னது: "மழை பெய்து வருஷங்கள் ஆகின்றன. கிணறு வற்றிவிட்டது. என் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்." இதைச் சொன்ன கிழவர் சிரித்துக்கொண்டே ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். மரமெல்லாம் செத்துப்போகுமே என்று கேட்டேன். பெரிய முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஒரு மரத்தைக் காட்டினார். நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், நடுவில் ஆள் நுழைகிற பொந்து. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே அது கிழட்டு மரமாம்.

ஆராய்ச்சி நிலையத்தில் முதல் பாடத்திலேயே நான் அசிங்கப்பட்டேன். நீல நிறக் குட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, மேலே மூடி, கொஞ்சம் சூடாக்கித் தருகிறார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக நீலக் கண்ணாடி. மூடியைத் திறந்து மோந்து, ஒரு வாய் வைத்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்ச வேண்டும். நான் உறிஞ்சினேன். தொண்டை மிளகாய்ப் பொடி போட்டது மாதிரி எரிந்து, இருமி இருமிக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "இது கெட்டுப்போன எண்ணெய்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அறையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வைத்ததிலேயே உயர்ந்த எண்ணெயாம் அது! கசப்பும் தொண்டை எரிச்சலும்தான் புது எண்ணெயின் லட்சணமாம். நான் எங்கே போவேன்? எங்கள் ஊர்ச் செக்கில் எள்ளோடு பனைவெல்லம் போட்டு ஆட்டுவார்கள். எண்ணெய் நாக்கில் இனிக்க வேண்டும். தொண்டையைப் பிடித்தால் செக்குக்காரர் சட்டையைப் பிடிப்போம். அதற்கடுத்து வந்த கிண்ணம் வழவழவென்று சாதுவாக இறங்கியது. அதை நல்லது என்றேன். அது குவித்துவைத்துப் புழுங்கிப்போன காயில் ஆட்டியதாம். நாக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுசாக ஒன்று மாட்டிக்கொண்டால்தான் ஆகும் என்று ஆகிவிட்டது.

பாடம் நடத்தியவர் பிலார் என்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். நிறுத்தி நிதானமாக இங்கிலீஷ் பேசுவார். ஒலிவம் எப்படிப் பூக்கிறது என்பதுதான் அவருடைய சொந்த ஆராய்ச்சி. வந்த வேலையின் கசப்பு நாக்குக்குக் கொஞ்சம் பழகிய பிறகு, ஒரு மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

மாமாவின் மரங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "எவ்வளவு அழகான மரங்கள்! எங்கே இருக்கின்றன?" என்றார். சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே அணைந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வா என்று வெளியே அழைத்துப்போனார்.

கட்டடத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் தொட்டிகளில் ஒலிவ மரங்கள் வரிசையாக நின்றன. வாடைக்காற்றில் அடிபட்டு, இலை கருகி, பார்க்கப் பரிதாபமாக இருந்தன. "போன வசந்தத்தில் இவை" என்று ஒரு படத்தைக் காட்டினார். கிளை தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. அப்புறம் ஒரு கண்ணாடிக் கொட்டகையின் கதவைத் திறந்தார். உள்ளே கதகதவென்று இருந்தது. வந்து இத்தனை நாளில் அன்றுதான் என் உடம்பு இளகியது. நம்ம ஊர் மார்கழி மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூடச் சொல்லிவிட்டேன். அங்கேயும் தொட்டிகள். வெளியே நிற்பவை வந்த அதே தாய்மரத்தின் கிளையை வெட்டி வளர்த்தவைதான். தளதளவென்று, பச்சைப் பசேலென்று, ஒரு குறையில்லாமல் நின்றன. தென்னேரியில் நிற்பதைப் பெயர்த்து வந்து வைத்த மாதிரி இருந்தது.

"இவை ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. குளிர்காலத்தில் சில வாரங்கள் நன்றாகக் குளிர வேண்டும். அந்தக் குளிர் பட்டால்தான் மொட்டு பூமொட்டாகும். படாவிட்டால் எல்லாம் இலையாகவே போய்விடும்" என்றார் பிலார்.

நான் விடவில்லை. பேரம் பேசினேன். குறைந்த குளிர் போதும் என்கிற ரகம் எதுவும் இல்லையா? இருக்கிறது, ஆனால் அந்தக் குறைந்த குளிருக்கே உங்கள் ஊரில் வழியில்லையே என்றார். மரத்தடியில் ஐஸ் கட்டியைக் கொட்டினால்? இதைக் கேட்டபோது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "தொட்டிச் செடியைக் குளிர் அறையில் வைத்து நாங்கள் பூக்க வைத்திருக்கிறோம். நிலத்தில் வேரோடு நிற்கிற மரத்துக்குக் குளிர்காலத்தை எப்படிக் கொண்டுபோவீர்கள்?" என்றார்.

எந்தக் குளிரை நான் இறங்கிய நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேனோ அதுதான் மாமாவுக்கு வேண்டியிருந்தது. பையில் அள்ளிக்கொண்டு போக முடியுமா அதை? அந்தக் கதகதப்பான கொட்டகைக்குள் நின்று அழுதுவிட்டேன். பிலார் பயந்துபோய் என் முதுகைத் தடவினார்.

இதைக் கேமராவைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒரு குடும்பத்துக்குக் கெட்ட செய்தி சொல்கிற ஆளாக இருக்க அவருக்கு இஷ்டமில்லை. கடைசியில் எனக்காகச் சொன்னார். பொருத்தனையைப் பற்றி அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

என்கார்னாவிடம் மட்டும் சொன்னேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முன், பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, போனுக்குள் கதையைக் கொட்டினேன். போன் ஸ்பானிஷில் சொல்லி முடித்ததும் அந்தம்மா ஸ்பூனைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். விளக்கமே கேட்கவில்லை. "பெண் நன்றாக இருக்கிறாளா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். உள்ளே போய், புருஷன் வைத்த மரத்து எண்ணெயில் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கொடுத்துப் பார் என்றார்.

அக்கா போனில் நச்சரித்தாள். "இன்னாடி சொன்னாங்க? காய்க்காதுன்னுதானே?" அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தென்னேரிக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை. ஜேசிபி மறுநாள் சர்ச் முடிந்ததும் வருவதாக ஏற்பாடு. பக்கத்துக் கழனிகளில் நாத்தங்கால் பச்சையாகத் தெரிந்தது. அக்கா, மாமா, ஜெபா மூவரும் மரத்தடியில் காத்திருந்தார்கள். மாமா மழமழவென்று ஷேவ் பண்ணி, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதலில் என்கார்னாவின் பாட்டிலைக் கொடுத்தேன். திறந்து மோந்தார். "நல்லா இருக்குதும்மா. ஆனா இது அந்தம்மா வூட்டு மரம்" என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. அவங்க சொல்லட்டும்" என்றார். போனை அவர் கையில் கொடுத்தேன். பிலார் பேச ஆரம்பித்தார். மாமாவுக்கு இங்கிலீஷ் புரியாது.

"நான் சொல்றேம்பா!" என்று ஜெபா நடுவில் தலையை நுழைத்தாள். இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவளாயிற்றே. வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "மரம் ரொம்ப அழகா இருக்குதாம்ப்பா. ஹெல்த்தியா இருக்குதாம். ஆனா இங்க வின்டரே இல்லியாம். அதனால பூ வராதாம். எப்பவுமே வராதாம். சாரின்னு சொல்றாங்க." போனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ இத்தினி வருசம் வேஸ்ட்டா தண்ணி ஊத்தினோமா சித்தி?"

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். ஜெயித்துவிட்ட முகம் அது. ஜெபாவை வாய்க்கால் பக்கம் போகச் சொல்லித் துரத்தினாள்.

மாமா ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் இலையைத் தடவிக்கொண்டே, "சாவுமா?" என்றார்.

"இன்னா மாமா?"

"பூக்காது, சரி. பூக்காமயே இருந்தா செத்துப்பூடுமா?"

லேபில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற புத்தியில் சொல்லிவிட்டேன். "சாவாது மாமா. அங்க மழையே இல்லாம நிக்குது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்து மரம் நிக்குது. இது நம்மளையெல்லாம் பாத்துட்டுதான் போவும்."

மாமா பெருமூச்சு விட்டார். "அப்ப நான் இல்லைன்னு சொன்னதா ஆவாது. மரம் இருக்குது. காய்க்கல, அவ்ளோதான். பிடுங்கிப் போட்டாதான் தரமாட்டேன்னு சொன்னா மாதிரி ஆவும். நிக்கட்டும். அது நிக்கிற வரைக்கும் ஆண்டவரு காத்துக்கினு இருப்பாரு. பொண்ணைக் கேக்க மாட்டாரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னா பேச்சு மாமா இது? அவங்க வாயால சொன்னா பிடுங்கிடறேன்னு சொன்னீங்க! அப்பா நிலம் இது. இனிமே எத்தினி தலைமுறைக்கு ஒரு நெல்லு விளையாது இதுல, தெரியுதா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவைப் பார்த்தேன். இந்த வீட்டில் சண்டைக்காரி அவள்தான். இப்போது பிடித்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

அக்கா வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்த ஜெயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, மாமா முகத்தில் இத்தனை வருஷம் பார்த்த அந்தப் பயம் அங்கே வந்து உட்கார்ந்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, நாளைக்கு வண்டி வேணாண்ணே." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லண்ணே. வேற நாளும் வேணாம்."

பேச வேண்டியவள் நான்தான். கடல் தாண்டிப்போய்க் கற்றுக்கொண்டு வந்தவள், பூவுக்கும் குளிருக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்ணால் பார்த்தவள். மரத்துக்கும் ஜெபாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சத்தியம் பண்ணத் தெரியும் எனக்கு. பிடுங்குங்கள், ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், இந்த வாய்தானே சொன்னது என்று ஆகாதா? திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் படிப்பு அங்கே ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

"ஜெபா, மோட்டார் போடு. தண்ணி வுட்டு நாளாச்சு" என்று அக்கா கூப்பிட்டாள்.

"அதான் பூக்காதுன்னு சொல்லிட்டாங்களேம்மா?"

"போடுன்னா போடு."

ஜெபா முணுமுணுத்துக்கொண்டே ஈரக்காலோடு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள்.